அறுநூறு கிராம் வெள்ளி: ஒரு சேலத்துக் காதல் கதையின் நிகழ்வு ஆய்வு

செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்து. முன்னறையில் கொலுசுப் பட்டறை, பின்னறையில் குடித்தனம். பிளஸ் டூ படிக்கும் மூத்த பெண், ஏழாம் வகுப்புத் தம்பி, அம்மா, அப்பா. அப்பா வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிகிறது, வீடு ஆட்டம் காண்கிறது. அதே மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு ஏற்காட்டுப் பையன் ஒருவன் மேல் பிரியம் வருகிறது. இளம் வாசகர்களுக்கான நாவல். முதல் படியில் 78,000 சொல், 52 அத்தியாயம். அச்சுக்குத் தயாரான படியில் 46,000 சொல், 31 அத்தியாயம். இடையில் எதை வெட்டினோம், எதை மாற்றினோம், ஏன் என்பதே இந்த ஆய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது தனி ஒருவரின் கையெழுத்துப்படி இல்லை. இந்த வகைக் கதைகளில் திரும்பத் திரும்பத் தட்டுப்படும் கோளாறுகளை ஒரே கதைக்குள் கோத்து வைத்திருக்கிறோம். பாத்திரங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. பெண்ணை மூத்தவள் என்றும் அவனைப் பையன் என்றும் சொன்னால் போதும். கதை நடக்கும் காலம் 2024 ஜூலை முதல் 2025 மே வரை.

கையில் வந்தபோது இருந்த நிலை

52 அத்தியாயங்களில் 37இல் யாராவது அழுகிறார்கள். கஷ்டத்தைக் காட்ட ஆசிரியர் கையில் இருந்த ஒரே கருவி கண்ணீர். அப்பா ஆஸ்பத்திரியில், பில் ஐந்து லட்சம். மூத்தவளுக்குப் பஸ்ஸுக்குக் காசில்லை, நாலு கிலோமீட்டர் நடக்கிறாள். சைக்கிள் வாங்க உண்டியலில் சேர்த்த பணத்தை அப்பாவின் மருந்துக்குக் கொடுக்கிறாள். படிக்கும்போது மனது இளகத்தான் செய்கிறது. ஆனால் சேலத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை இதைப் படித்தால் மூன்றாம் பக்கத்திலேயே சிரித்துவிடும்.

விபத்தில் அடிபட்டவரை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பில் என்ற பேச்சே இல்லை. தனியார் மருத்துவமனை என்றாலும், பட்டியலில் உள்ள இடமாக இருந்தால், முதல் 48 மணி நேரச் செலவை ஏற்க 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே கட்டணம் கிடையாது. பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சைக்கிள் இலவசம். அரிசி ரேஷனில் வருகிறது. அம்மாவுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் வருகிறது.

அப்படியென்றால் கஷ்டமே இல்லையா? இருக்கிறது, ஆசிரியர் தேடிய இடத்தில்தான் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பட்டறை வீடு சாய்ந்தால் பறிபோவது பஸ் காசோ பள்ளிக் கட்டணமோ இல்லை. முதலில் தூக்கம் போகும், பிறகு நேரம் போகும், அதற்குப் பிறகு ‘இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் போகும். காதல் கதைக்கு வேண்டிய சரக்கும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. முதல் படியில் கஷ்டம் ஒரு கதை, காதல் இன்னொரு கதை. இரண்டும் ஒரே கணக்கில் ஓடவில்லை. செப்பனிட வேண்டியது அதைத்தான்.

கடன் எங்கே இருக்கிறது

முதல் படியில் கடன் கொடுத்தவன் மீசை முறுக்கிய கந்துவட்டிக்காரன். வாசலில் நின்று கத்துகிறான், பாத்திரத்தைத் தூக்கி எறிகிறான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது, அப்படியும் அந்த ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் கொலுசுப் பட்டறைக் கதையில் அவன் வந்தால் அது சோம்பேறித்தனம். இந்தத் தொழிலுக்கென்றே ஒரு கடன் உண்டு. அதற்கு வில்லன் தேவையில்லை, வட்டிகூடத் தேவையில்லை.

வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார். பட்டறைக்காரர் உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, முத்தும் திருகாணியும் சேர்த்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து மெருகேற்றி, கொலுசாகத் திருப்பி எடை போடுகிறார். குறையும் எடையில் ஓரளவு சேதாரம் என்று ஒப்புக்கொள்ளப்படும். டிசைனுக்கு டிசைன் அது மாறும். கதைக்குள் நாங்கள் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கிலோ எடுத்தால் 980 கிராம் திரும்ப வேண்டும். 968 வந்தால் 12 கிராம் துண்டு. (பற்றுப்பொடியின் எடையும் உள்ளே சேரும். அந்த நுணுக்கம் கதைக்குள் ஒரே ஒரு வரியாக, தம்பி கேட்கும் கேள்வியாக வருகிறது. அதற்கு மேல் போனால் வாசகன் கொட்டாவி விடுவான்.)

இப்போது அப்பா செய்ததைப் பார்க்கலாம். 2022இல் பாட்டியின் வைத்தியம், சாவு, கருமாதி. கையில் காசில்லை. ஒரு வியாபாரி கொடுத்த வெள்ளியில் 600 கிராமை விற்றார். அப்போது கிராம் ஏறக்குறைய 60 ரூபாய், கைக்கு வந்தது 36,000. அடுத்த சனிக்கிழமை அந்த வியாபாரிக்கு எடை காட்ட, இரண்டாவது வியாபாரியின் வெள்ளியிலிருந்து 600 கிராமை எடுத்தார். அவருக்குக் காட்ட மூன்றாமவரிடமிருந்து எடுத்தார். இப்படியே இரண்டு வருடம் சுற்றில் விட்டார். தினமும் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் வரை அந்தச் சக்கரம் ஓடும். விழுந்த மறுநாள் நின்றுவிடும். நிற்கிற நேரத்தில் யாருடைய வெள்ளி உள்ளே இருந்ததோ அவர் வாசலுக்கு வருவார்.

கடன் கிராமில் இருக்கிறது என்பதுதான் இந்த மாற்றத்தின் உயிர். 2024 ஜூலை 23 மத்திய பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான சுங்க வரியை 15 சதவீதத்திலிருந்து 6ஆகக் குறைத்தார்கள். விலை இறங்கியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் கிராம் 90 ரூபாய் அளவில் நின்றபோது அப்பாவின் கடன் 54,000. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கிராம் 110ஐத் தொட்டது, கடன் 66,000 ஆகிவிட்டது. வட்டி வாங்கியவர் யாருமில்லை, வாசலில் கத்தியவரும் இல்லை. எல்லா வீட்டிலும் தீபாவளிக்குக் கொலுசு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, இந்த வீட்டின் கழுத்து இறுகுகிறது. முதல் படியில் மூன்று அத்தியாயம் ஆக்கிரமித்திருந்த மீசைக்காரனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூத்தவள் காலையில் வெள்ளி விலை பார்க்கும் ஒரு பழக்கத்தை வைத்தோம். எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நாளிதழைப் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

வாரக் கணக்கையும் எழுதி வைத்துக்கொண்டோம். இது நாவலில் முழுதாக வராது, எழுதுகிறவர் மேசையில் இருக்க வேண்டியது. அம்மாவும் மூத்தவளும் வளையம் கோத்து, முத்து வைத்து வாரம் 2,600 ரூபாய் கூலி. வீட்டு வாடகை மாதம் 4,500, வாரத்துக்கு 1,050. மகளிர் குழுக் கடன் தவணை 750. மளிகை, காய், பால் 1,300. கரண்டு, கேஸ், சில்லறை 300. மொத்தம் 3,400. உரிமைத்தொகையை வாரத்துக்குப் பிரித்தால் 230. வாரத்துக்கு வாரம் 570 ரூபாய் துண்டு விழுகிறது. இந்த 570 ஒவ்வொரு அத்தியாயத்திலும் எங்காவது தலைகாட்ட வேண்டும் என்று விதி வைத்தோம். பாலில் அரை லிட்டர் குறையும், தவணைக்கார அம்மா வரும் நாளில் பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படும், தம்பியின் செருப்புக்கு ஊக்கு ஏறும். அழுகைக் காட்சி 37லிருந்து 4ஆகக் குறைந்தது இந்த ஒரே விதியால்.

இன்னொரு கோளாறையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் படியில் 12 வயதுத் தம்பி ஊதுகுழல் பிடித்துப் பற்றவைக்கிறான், எல்லோரும் மெச்சுகிறார்கள். சில பற்றுப்பொடிகளில் காட்மியம் இருக்கும், அந்தப் புகை நுரையீரலைத் தின்னும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டுத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று சட்டம் விடும் சலுகையும் பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும். தம்பியை முத்து எண்ணும் வேலைக்கு மாற்றினோம். எண்ணிக்கையில் அவன் தவறு செய்வது பின்னால் ஒரு நல்ல நகைச்சுவைக் காட்சியாகவும் ஆயிற்று.

மூன்று மணி நேரக் காதல்

முதல் படியில் 41 காதல் காட்சிகள். ஒன்றில், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை இருவரும் ஏற்காடு ஏரியில் படகு விடுகிறார்கள், பகோடா பாயிண்ட் போகிறார்கள், லேடீஸ் சீட்டில் சூரியன் சாய்வதைப் பார்க்கிறார்கள். அப்பா கட்டுப்போட்ட கையோடு படுத்திருக்கும் வாரம் அது. அவள் பள்ளிக்குப் போகவில்லையா, கொலுசு யார் கோத்தது, ஐந்து மணிக்கு ஏற்காட்டில் இருந்தவள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி எப்போது வீடு வந்தாள்? கதை வாய் திறப்பதில்லை.

அவளுடைய ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். 4.30க்கு எழுகிறாள். 4.45 முதல் 7 வரை கொலுசு வளையம் கோக்கும் கோப்பு வேலை. 9.15 முதல் 4.15 வரை பள்ளி. 5.45 முதல் 9 வரை மறுபடி கோப்பு. 9.15 முதல் 11.15 வரை படிப்பு. சாயங்காலம் பழைய பேருந்து நிலையத்தில் பஸ் மாறும் இடத்தில் 18 நிமிடம் இடைவெளி கிடைக்கிறது. ஐந்து நாளைக்கு 90 நிமிடம். சனிக்கிழமை கொலுசை எடை போடக் கடைவீதிக்குப் போனால், வரிசையில் நிற்கும் நேரம் இன்னொரு 90 நிமிடம். வாரத்துக்கு மூன்று மணி நேரம், காதலுக்கு இருப்பது அவ்வளவுதான். 41 காட்சியில் 29 அந்த நாளே போயின.

மிச்சம் 12ஐ வைத்துக்கொண்டு பார்த்தால், நேரம் குறுகியதாலேயே காட்சிகளுக்குக் கனம் கூடியது தெரிகிறது. பதினெட்டு நிமிடத்தில் பஸ் ஏழு நிமிடம் முன்னால் வந்துவிட்டால் அது ஒரு பேரிழப்பு. தட்டுவடை செட்டு ஒரு தட்டு வாங்கி, பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தாமல் நின்றபடி இருவரும் தின்று முடிக்க நாலு நிமிடம் ஆகிறது என்றால், அந்த நாலு நிமிடத்தில் பேச முடியாது. இப்படிப்பட்ட கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, ஒரே நாளில் இருவரும் ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று தட்டுவடைக் கடையைத் தாண்டிப் போகும் இடம் படியின் மிக நல்ல பக்கங்களில் ஒன்று.

சந்திப்பையும் மாற்றினோம். முதல் படியில் மழை, குடை, மோதல், விழுந்த புத்தகம். சேலத்துக்கென்று ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் பழக்கம் இருக்கும்போது குடை எதற்கு? 2024இல் ஆடி 1 ஜூலை 17, புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு வீதியோரங்களில் அழிஞ்சிக் குச்சி விற்பார்கள். பையன் விடுதியில் தங்கிப் படிக்கிறவன், அப்பா அம்மா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில். மலையிலிருந்து மாமாவோடு குச்சிக் கட்டு இறக்கி விற்கிறான். மூத்தவள் ஒரு குச்சியை எடுத்து வளைத்துப் பார்க்கிறாள்.

“ஈரமா இருக்குதுங்களே.”

“ஈரமா இருந்தாத்தானுங்க தீயில கருகாது. காஞ்சது வேணும்னா அடுப்பெரிக்கத் தர்றேன்.”

அவ்வளவே பேச்சு. புதன்கிழமை வீட்டில் தேங்காய் தயாராகிறது. நார் உரித்து, ஓட்டைப் பட்டறை வாசல் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவது தம்பியின் வேலை. மூன்று கண்ணில் மெல்லிய கண்ணைக் குத்தித் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் திணித்து, கூராக்கிய குச்சியை அடைத்து, மஞ்சள் பூசித் தீயில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஓடு வெடித்துப் பிளவு ஓடும்போது எடுத்துப் பிள்ளையாருக்கு வைக்க வேண்டும். அன்றைக்கு அவள் குச்சி கருகவில்லை. பக்கத்து வீட்டுக் குச்சி கருகி, தேங்காய் சாம்பலில் விழுகிறது. வாசகனுக்கு இது போதும், அவன் சொன்னது பலித்தது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் கை இந்தக் காட்சியில் முழுசாக, சாவணம் (சிறு இடுக்கி) பிடித்து முத்து வைத்துக்கொண்டிருக்கிறது. முதல் படி விபத்தோடு தொடங்கியது. அந்தக் கை வேலை செய்வதைப் பார்க்காத வாசகனுக்கு அது முறிந்தால் என்ன வலி? ஆகவே விபத்து நாலாம் அத்தியாயத்துக்குப் போயிற்று, சேலத்துக் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) நடக்கும் ஆடித் திருவிழா வாரத்துக்கு. மாவுக்கட்டு ஆறு வாரம், ஆனால் விரல் நுனியில் சாவணம் பிடிக்கும் நிதானம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். தை முடியும் வரை அவர் பட்டறையில் வெறுமனே உட்கார்ந்திருப்பதற்கு அது நியாயமான காரணம்.

நீங்க, நீ

முதல் படியில் இருவரும் இரண்டாவது சந்திப்பிலேயே ‘டா’, ‘டி’ போட்டுப் பேசுகிறார்கள். சினிமாவில் சரி. சேலத்துத் தெருவில் முன்பின் தெரியாத பையனிடம் ஒரு பெண் ‘ங்க’ சேர்க்காமல் பேசமாட்டாள், அவனும் அப்படித்தான். இந்த ‘ங்க’வை நாங்கள் ஒரு சொத்தாக எடுத்துக்கொண்டோம். பதினாலாம் அத்தியாயம் வரை இருவரும் நீங்கதான். நவராத்திரி விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, பஸ் நிற்கும் இடத்தில், அவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து அவள் கேட்கிறாள்: “சாப்ட்டியா நீ?” கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைக்கிறது. அவன் பதில் சொல்ல இரண்டு வரி ஆகிறது. அதற்குள் பஸ் வருகிறது.

முத்தக் காட்சி ஒன்று முதல் படியில் இருந்தது, எடுத்தோம். கூச்சம் காரணமில்லை. இருவரும் 17 வயது. 2012இன் போக்சோ சட்டம் 18க்குக் கீழே சம்மதம் என்ற ஒன்றையே கணக்கில் எடுப்பதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக் காதல்கள் பையன் மீது வழக்காக மாறுவது தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் பலமுறை கவலையோடு பேசிய விஷயம். அந்த ஆபத்தைக் கதை தொடாமல் முத்தத்தை மட்டும் எழுதினால் அது வாசகப் பிள்ளைக்குச் செய்யும் மோசடி. தொட்டு எழுதினால் இது வேறு நாவல் ஆகிவிடும். ‘சாப்ட்டியா நீ’ இருக்கும்போது நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது எங்கள் தீர்ப்பு.

தாய்மாமன்

முதல் படியில் பெரிய வில்லன் இவர்தான். கொண்டலாம்பட்டியில் நாலு தறி ஓட்டுகிறார். வயது 29. கடனை அடைக்கிறேன், பெண்ணைக் கொடு என்கிறார். தையில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. பையன் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அடிக்கிறான், ஜீப் வருகிறது, கல்யாணம் நிற்கிறது, இன்ஸ்பெக்டர் இருவரையும் வாழ்த்துகிறார்.

இதில் ஐந்து வரிக்கு ஒரு தப்பு. 1098 உண்மையான எண், 18 நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அழைக்க வேண்டிய எண்தான். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக மாவட்டத்தில் இருப்பவர் மாவட்டச் சமூகநல அலுவலர். 2006 சட்டப்படி நடத்தி வைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் மீட்கப்பட்ட பெண் நேரே காதலனிடம் போவதில்லை. குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்படுவாள், விசாரணை நடக்கும், சில நாள் இல்லத்தில் தங்க நேரலாம். அழைத்த பையன் யார், அவனுக்கும் அவளுக்கும் என்ன என்ற கேள்வி முதலில் வரும். இவ்வளவையும் ஒரு வாழ்த்தால் மூடக்கூடாது.

பிறந்த தேதியிலும் குழப்பம். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு தேதி, நாற்பதாம் அத்தியாயத்தில் இன்னொன்று. திருத்தும்போது 2007 ஜனவரி 20 என்று வைத்தோம், வேண்டுமென்றே. பொங்கல் கழிந்து ஆறாம் நாள் அவளுக்குப் 18 நிறைகிறது. மாமன் சட்டம் தெரிந்தவர், அதற்குப் பிந்தைய முகூர்த்தம்தான் கேட்கிறார். 1098 இனி உதவாது, காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை. வில்லத்தனத்தையும் எடுத்துவிட்டோம். இப்போது அவர் பேசுவது இப்படி: “உங்கப்பன் வாங்குனத நான் குடுக்கறேன் கண்ணு. நீ படிக்கறதயும் படி. நம்ம வீட்ல இருந்தே காலேஜ் போ.” கத்துகிற மாமனை மறுப்பது சுலபம். இப்படிப் பேசுகிறவரை மறுக்க ஒரு பெண்ணுக்குக் கையில் ஏதாவது வேண்டும்.

கையில் இருப்பது அவளுடைய கணக்கு நோட்டு. தீபாவளி முடிந்ததும் அவளும் அம்மாவும் வியாபாரியிடம் போய்க் கடனைக் கிராமில் எழுதி வாங்குகிறார்கள். வீட்டிலிருந்த பழைய கொலுசு, குங்குமச்சிமிழ், ஒரு தட்டு, எல்லாம் சேர்த்து 240 கிராம். டச் (வெள்ளியின் சுத்த அளவு) பார்த்தால் நூற்றுக்கு 70, ஆக 168 கிராம். பட்டறைக் குப்பையிலிருந்து 85. இந்த 85க்கு ஒரு சண்டையே நடந்தது. முதல் படியில் தரையைத் தோண்டியதும் 600 கிராமும் கிடைத்துவிடுகிறது, புதையல் மாதிரி. இருபது வருடப் பட்டறையின் தரை இடுக்கு, பலகைக்கு அடியில் கிடந்த சாக்கு, கை கழுவிய வாளியின் அடிமண், இவற்றில் வெள்ளி இருக்கும் என்பது உண்மை, அதை வாங்கி எரித்து உருக்குகிறவர்களும் உண்டு. ஆனால் கவனமான வேலைக்காரரின் தரையில் அரைக் கிலோ கிடக்காது. கிடந்தால் அவர் கவனமானவர் இல்லை.

168ம் 85ம் 253. பாக்கி 347 கிராம். ஜனவரியில் கிராம் 104 ரூபாய் அளவில் இருந்தது. பாக்கியின் விலை ஏறக்குறைய 36,000, அப்பா 2022இல் கைநீட்டி வாங்கிய அதே தொகை. வீட்டு வெள்ளியெல்லாம் போன பிறகும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார்கள். இது தற்செயலாக அமைந்த எண். அமைந்ததும் அதை அசைக்கவில்லை. மாமன் “அறுபத்தாறாயிரம்” என்று ஆரம்பிக்கும்போது அவள் குறுக்கிடுகிறாள்: “இல்லீங் மாமா. முந்நூத்தி நாப்பத்தேழு கிராம்.” அப்பா பிப்ரவரியில் மறுபடி பலகையில் உட்கார்வார், வாரம் 7 கிராம் கழிக்கலாம், ஐம்பது வாரம். நோட்டை அவரிடம் நீட்டுகிறாள். தறி ஓட்டுகிறவர், கணக்குத் தெரிந்தவர். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, ஒரு கூட்டலைத் திருத்துகிறார். அந்தக் காட்சி அங்கேயே முடிகிறது.

புயல்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாள் சேலத்திலும் ஏற்காட்டிலும் கொட்டித் தீர்த்தது, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சனிக்கிழமை வீட்டுக்கு ஏறியவன் ஞாயிறு மாலை விடுதிக்குத் திரும்பவில்லை. முதல் படியில் அவன் இரவில் இருபது வளைவையும் நடந்தே இறங்கி அவள் வாசலில் நனைந்து நிற்கிறான். எடுத்துவிட்டோம். அவன் வரவில்லை. திருமணிமுத்தாறு சந்துவரை ஏறுகிறது, அவள் வெள்ளிக் கம்பிச் சுருளைப் பரணில் ஏற்றுகிறாள், அவன் போன் எடுக்கவில்லை. மொத்தம் ஆறு பக்கம்.

திருகாணி

முதல் படியின் முடிவு ஏழு வருடத்துக்குப் பிந்தைய கல்யாணம். அது முழுக்கப் போயிற்று. கதை முடிய வேண்டிய இடம், ஏற்கெனவே நடுவில் கிடந்த ஒரு சின்னப் பொருளில் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, அக்டோபர் 26. எடை வரிசையில் பையன் தன் தங்கையின் கொலுசைக் காட்டுகிறான், திருகாணி தொலைந்துவிட்டது. முதல் படியில் அவள் இலவசமாக ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறாள், அவன் நெகிழ்கிறான். ஆனால் பட்டறையில் இருக்கும் வெள்ளி ஒரு மில்லிகிராம்கூட அவளுடையது இல்லை. அப்பாவின் வீழ்ச்சியே அடுத்தவர் வெள்ளியில் கை வைத்ததால் வந்தது. அது தெரிந்த பெண் அதையே செய்தால் கதை தன் முதுகில் தானே குத்திக்கொள்ளும். ஆகவே திருத்திய படியில் அவள் திருகாணியைப் பொருத்துவதற்கு முன் எடை போடுகிறாள். 0.40 கிராம். இரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுகிறாள்: திருகாணி ஒன்று, 0.40, என் கணக்கு. ‘என்’ என்ற சொல் அந்த நோட்டில் வருவது அந்த ஒரே இடத்தில்தான்.

பிளஸ் டூ தேர்வு 2025 மார்ச் 3 முதல் 25 வரை. முடிவு மே 8, வியாழக்கிழமை. மதிப்பெண்ணை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டோம். கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். முதல் படியில் அதை வைத்தே விண்ணப்பக் கட்டணம் கட்டியிருந்தாள், அதுவும் சரியாயிற்று.

மே 10, சனிக்கிழமை. நோட்டில் பாக்கி 284. தேர்வு வாரங்களில் மூன்று தவணை விட்டுப்போயிருக்கிறது. எடை வரிசையில் அவளுக்குப் பின்னால் பையன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுக்கிறான். அவன் அம்மாவின் பழைய கொலுசிலிருந்து உடைந்த கொக்கி. தராசில் வைக்கச் சொல்கிறான். கணக்குப்பிள்ளை இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வைக்கிறார். எண் ஆடி நிற்கிறது. 0.38.

“இருவது மில்லி கம்மிங்க,” என்கிறார் கணக்குப்பிள்ளை.

மூத்தவள் பேனாவைத் திறக்கிறாள். “சேதாரத்துல கழிச்சுக்கோங்க.”